அணைக்காத இன்ஜின்

ஸ்டோனி ஹார்பர், நோவா ஸ்கோஷியா
12 அக்டோபர் 1996

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

இங்கே நானும் ஏவிஸும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே அறுவடை முடிந்ததா, ஒரெஸ்ட் அத்தானின் இடுப்பு வலி எப்படி, உன் உடம்பு எப்படி என்று எழுது. கையால் எழுது. ஒரெஸ்ட் ஏலத்தில் அந்த டைப்ரைட்டரைப் பிடித்துக்கொண்டு வந்ததிலிருந்து நீ அனுப்புவதெல்லாம் டைப் அடித்த கடிதம். உறையைப் பிரிக்கும்போதே வரி நோட்டீஸோ என்று ஏவிஸைக் கூப்பிடுகிறேன்.

கோடையில் படகுக்குப் புது இன்ஜின் போட்டேன். போட்டது பர்னல்தான், வேறு யார்? பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். என் படகில் அவன் கை படாத போல்ட் கிடையாது. ஆனால் இந்த முறை ஏதோ கோளாறு. இன்ஜின் ஓடும்போது ஒரு அதிர்வு, மெல்லிய அதிர்வு, காலில் ஏறித் தொடை வழியாக நெஞ்செலும்புக்குப் பின்னால் வந்து நிற்கிறது. காத்தாடியைச் சுழற்றுகிற ஷாஃப்ட் கோணலாக இருக்க வேண்டும். டேரலைக் கேட்டால், "ஒண்ணும் தெரியலயே மாமா" என்கிறான். மருமகன் பயல் மாமனாரிடம் வேறென்ன சொல்வான்?

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது நிற்பதில்லை. யாரோ எனக்குள்ளே ஒரு சின்ன இன்ஜினைப் போட்டு, அணைக்க மறந்து போய்விட்ட மாதிரி ஓடுகிறது. ஏவிஸ் முதுகில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு எழவும் ஆடல, படுத்துத் தூங்கு" என்றாள். கையை நீட்டிப் பார்த்தேன், மரக்கட்டை மாதிரி நிற்கிறது. நீ அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவள். சொல், இது உடம்பா, படகா?

ஒரு நல்ல செய்தி. இந்த வருஷம் சிங்கி இறால் கூண்டில் வைக்கிற இரை மீன் நாறவே இல்லை. தொட்டிக்குள் தலையை விட்டாலும் ஒன்றும் தெரியவில்லை. டேரல் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான், நான் சிரிக்கிறேன்.

அப்பா படகில் ஏறும்போதெல்லாம் சொன்ன மாதிரி, காலடியில் கயிறு பார்த்துக்கொள்.
உன் தம்பி ஹாலிஸ்


ஆல்பர்ட்டா
9 நவம்பர் 1996

அன்புத் தம்பி ஹாலிஸுக்கு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று, பதில் தாமதம். அறுவடை, பிறகு ஒரெஸ்டின் அக்கா வந்து முட்டைக்கோஸ் சுருள் செய்கிறேன் என்று சமையலறையை ஒரு வாரம் பிடித்துக்கொண்டது, இப்படி ஏதாவது ஒன்று. எனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கிறேன். டைப்ரைட்டரைத் திட்டாதே. என் கையெழுத்து எந்தக் காலத்தில் அழகாக இருந்தது?

நீ கேட்டதற்குப் பதில்: அது படகுதான். உடம்பு இல்லை. நாற்காலியிலும் தெரிகிறது என்கிறாய். அப்பா கடலிலிருந்து வந்து சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, "தரை ஆடுதுடி, நில்லுன்னு சொல்லு" என்பாரே, மறந்துவிட்டாயா? படகு உடம்போடு வீட்டுக்கு வரத்தான் செய்யும்.

பர்னலைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். அவன் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வான். தன் வேலையில் குறை என்று எந்த மெக்கானிக் ஒப்புக்கொண்டிருக்கிறான்? அவனுக்கும் கண் மங்குகிற வயதுதான். நண்பன் என்பதற்காக விட்டுவிடாதே. உனக்குத் தெரிவதை நம்பு.

ஏவிஸுக்கு என் முத்தம். குளிர் ஏறுகிறது, கம்பளிச் சட்டையை மறக்காதே.

காலடியில் கயிறு பார்த்துக்கொள்.
வெர்னா


ஸ்டோனி ஹார்பர்
27 நவம்பர் 1996

அன்புள்ள அக்கா,

இரண்டு பேரும் சுகம். ஏவிஸுக்கு என் மேல் மட்டும் கோபம். நீங்கள் இருவரும் பனியில் வழுக்காமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நீ எழுதியது அப்படியே நடந்தது. பர்னல் வந்தான். கோப்பையில் தேநீரை விளிம்பு தட்ட ஊற்றி இன்ஜின் மூடி மேல் வைத்தான். இன்ஜினை முழு வேகத்தில் ஓடவிட்டான்.

"பாரு. டீயில ஒரு அலை எழும்புதா?" என்றான்.

"கோப்பைக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது" என்றேன்.

"அப்ப கோப்பையையே கேப்டனாக்கு. உன்னைவிட அதுக்குப் புத்தி அதிகம்."

டேரல் சிரித்துவிட்டான். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. "உன் ஷாஃப்ட் கோணல். நீ பழைய சாமானைப் போட்டுட்டு என்னைப் பைத்தியக்காரன்னு சொல்ற" என்றேன். அவன் தேநீரை எடுத்துக் கடலில் ஊற்றிவிட்டுப் படகைவிட்டு இறங்கிப் போனான்.

திங்கட்கிழமை, பருவத்தின் முதல் நாள், கடலில் கூண்டு இறக்கும் நாள். நம் துறையில் வழக்கம் என்னவென்று போன கோடையில் ஒரெஸ்டுக்கு நீயே விளக்கிச் சொன்னாய்: யார் உன் இன்ஜினுக்குப் பொறுப்போ, அவன்தான் கரையில் நின்று உன் கடைசிக் கயிற்றை அவிழ்த்துவிட வேண்டும். என் வேலைக்கு நான் சாட்சி என்று அதற்கு அர்த்தம். விடியும்போது ஊரே வந்து நிற்கிறது, பாதிரியார் ஜெபம் முடித்துவிட்டார், பெண்கள் பிளாஸ்க்கும் கையுமாக நிற்கிறார்கள், கூண்டுகளை அடுக்கிக்கொண்டு படகுகளெல்லாம் உறுமுகின்றன. சிங்கி இறாலுக்கு மட்டும்தான் இன்று கெட்ட நாள் என்று எவனோ கத்துகிறான். அத்தனை நடந்த பிறகும் பர்னல் வந்தான். குனிந்து என் கயிற்றைப் பிடித்தான்.

"கைய எடு" என்றேன்.

"என்னது?"

"என் கயித்துல கை வைக்காத. நீ போட்ட இன்ஜினை நம்பி நான் போகல, கடவுளை நம்பிப் போறேன்."

எல்லாரும் கேட்டார்கள். அவன் நிமிர்ந்தான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான். கூட்டம் வழிவிட்டது, போய்விட்டான். டேரல்தான் கரைக்குத் தாவி அவிழ்த்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே அவிழ்த்தான்.

சரியாகத்தானே செய்தேன்? நீதான் சொன்னாய், நண்பன் என்று விடாதே என்று. ஏவிஸ் ஒரே வார்த்தை சொன்னாள்: "வெக்கமா இல்ல?"

கிறிஸ்துமஸ் பெட்டியில் சிங்கி இறால் விமானத்தில் வரும். உயிரோடு வரும், விரல் பத்திரம்.

காலடியில் கயிறு பார்த்துக்கொள்.
ஹாலிஸ்


ஆல்பர்ட்டா
6 ஜனவரி 1997

அன்புத் தம்பிக்கு,

பெட்டி வந்தது. ஒன்று ஒரெஸ்டின் கட்டை விரலைப் பிடித்துவிட்டது, அவன் உக்ரைன் பாஷையில் திட்டிய திட்டு உனக்குப் புரியாதது நல்லது. இன்று அவர்கள் உக்ரைன் வழக்கப்படி கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். கோதுமைக் கஞ்சி அடுப்பில் இருக்கிறது. இருவரும் சௌக்கியம்.

பர்னல் விஷயம் படித்தேன். ஊர் முன்னால் செய்திருக்க வேண்டுமா ஹாலிஸ்? தனியாகச் சொல்லியிருக்கலாம். அவன் மனைவி ஐடாவும் அங்கே நின்றிருப்பாள். நான் அவனிடம் ஷாஃப்டைப் பார்க்கச் சொல் என்றுதான் எழுதினேன். கயிற்றைப் பற்றி நான் எழுதவில்லை.

கோபம் ஆறியதும் போய் இரண்டு வார்த்தை பேசு. இதை எழுத உட்கார்ந்தபோது வேறொன்றும் எழுத இருந்தது. கஞ்சி தீய்கிறது, அடுத்த முறை எழுதுகிறேன்.

காலடியில் கயிறு பார்த்துக்கொள்.
வெர்னா


ஸ்டோனி ஹார்பர்
20 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்கா,

உடம்புக்குச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை. மற்றதைக் கீழே படி.

அடுத்த துறையிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து ஷாஃப்டைக் கழற்றினேன். மேசையில் வைத்து உருட்டினான். நேராக ஓடியது. இன்ஜின் தாங்கிகளைப் பார்த்தான், சரி. காத்தாடியைப் பார்த்தான், சரி. "இது மாதிரி சுத்தமான வேலைய நான் பாத்ததே இல்ல. யார் செஞ்சது?" என்று கேட்டான். நான் ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். மறுபடி மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலை படகில் ஏறி நின்றால், அதே அதிர்வு.

அக்கா, அதைவிட மோசம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மர பெஞ்சு, கல் தரை, படகு அரை மைல் தள்ளிக் கட்டிக் கிடக்கிறது. உள்ளே ஓடுகிறது. இடது தொடையிலும் வயிற்றிலும். பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு பெஞ்சு அதிருமே என்று பார்த்தேன். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

பர்னலின் பட்டறைக்கு இப்போது யாரும் போவதில்லை. நான் சொன்ன ஒரு சொல்லை ஊர் பிடித்துக்கொண்டது. தங்கள் படகில் ஒரு சத்தம் கேட்டால்கூட, "பர்னல் போட்டதாச்சே" என்கிறார்கள். முன்பு ஐடாவும் ஏவிஸும் தேவாலயத்தில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். இப்போது ஐடா கடைசி வரிசையில் உட்காருகிறாள். ஏவிஸ் வீட்டில் என்னோடு பேசுவது உப்பு, ரொட்டி, கதவைச் சாத்து, அவ்வளவுதான்.

படகு இல்லையென்றால் வேறு என்ன? நீயாவது சொல்.

காலடியில் கயிறு பார்த்துக்கொள்.
ஹாலிஸ்


ஆல்பர்ட்டா
15 மார்ச் 1997

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். தொலைபேசியில் சொல்லலாம் என்று நினைத்தேன். நம் வீட்டில் அது அடித்தால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம், அதனால் எழுதுகிறேன்.

டாக்டரைப் பார். ஊர் டாக்டர் வேண்டாம், அவர் மூட்டு வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார். ஹாலிஃபாக்ஸுக்குப் போய் நரம்பு டாக்டரைப் பார். உன் கடைசிக் கடிதத்தில் எழுத்து போகப்போகச் சின்னதாகிவிட்டது, கடைசி வரியில் எறும்பு ஊர்கிறது. அதையும் அவரிடம் காட்டு.

ஏவிஸைக் கூட அழைத்துப் போ. தனியாகப் போகாதே.

காலடியில் கயிறு பார்த்துக்கொள்.
வெர்னா


ஸ்டோனி ஹார்பர்
2 ஜூன் 1997

அன்புள்ள அக்கா,

நலம் என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். நீ நலமாக இரு.

பார்க்கின்சன் நோய் என்று பெயர். ஹாலிஃபாக்ஸில் ஒரு பெண் டாக்டர், டேரலைவிடச் சின்னவள், என்னை நடக்கச் சொன்னாள், விரலைத் தட்டச் சொன்னாள், என் இடது கை நடக்கும்போது வீசுவதே இல்லை என்று கண்டுபிடித்தாள். ஏவிஸ், "நான் அதைப் பாத்தேன், திமிருல அப்படி நடக்கறார்னு நெனச்சேன்" என்றாள். மூக்குக்கு வாசனை தெரியாமல் போனதும் அதனால்தானாம். இரை மீனை நினைத்துச் சிரித்தேனே, அதற்குத் தண்டனை.

"எனக்கு நடுங்கவே இல்லையேம்மா" என்று கையை நீட்டினேன். அவள் சொன்னாள், "வெளிய தெரியாது. சில பேருக்கு உள்ள மட்டும் நடுங்கும். நீங்க சொல்றது நெசம். கற்பனை இல்ல." ஒன்பது மாதத்தில் என்னிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன், ஏவிஸ் பக்கத்தில் இருந்தாள்.

வீட்டில் யாருக்காவது இருந்ததா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்பா எழுபது வயதில் கடலிலேயே செத்துப்போனார், அப்போதும் கையெல்லாம் இரும்பு. அக்கா இருக்கிறாள், குதிரை மாதிரி இருக்கிறாள் என்றேன்.

இந்த உடம்பை நான் என்ன செய்தேன் சொல்? குடிக்கவில்லை, சோம்பேறியாக வைத்திருக்கவில்லை. நாற்பது வருஷம் விடியுமுன் எழுப்பிக் குளிரில் நிறுத்தினேன், அது கேட்டது. இப்போது எனக்கே தெரியாமல் உள்ளே வேறு வேலை பார்த்திருக்கிறது. இதைவிடப் பெரியது, ஒரு குற்றமும் இல்லாத பர்னலை ஊர் முன்னால் வைத்து நான் அவமானப்படுத்தினேன். ஹாலிஃபாக்ஸிலிருந்து திரும்பும் வழியெல்லாம் அதுதான். அவன் பட்டறையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வர வேண்டும். காரில் குனிந்துகொண்டேன்.

மாத்திரை கொடுத்திருக்கிறாள். அடுத்த பருவத்துக்குப் படகை டேரல் ஓட்டுவான். இனி தனியாக ஏறக் கூடாதாம்.

காலடியில் கயிறு பார்த்துக்கொள்.
ஹாலிஸ்


ஆல்பர்ட்டா
10 ஜூன் 1997

என் செல்லத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். ஒரெஸ்ட் இதைத் தபாலில் போட வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். பயப்படாதே. இது ஆளைக் கொல்கிற வியாதி இல்லை, கூடவே குடியிருக்கிற வியாதி.

நான் சொல்வதைக் கேள். மாத்திரையை இறைச்சியோடு போடாதே. முட்டை, மீன், பால் எதோடும் வேண்டாம், அதெல்லாம் மருந்தை வேலை செய்யவிடாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வெறும் வயிற்றில், குமட்டினால் ஒரு உப்பு பிஸ்கட். கடிகாரம் பார்த்துப் போடு. அடுத்த வேளை நெருங்கும்போது உள்ளே இன்ஜின் வேகமெடுக்கும், விலா எலும்புக்குள் தேனீக் கூட்டை அடைத்த மாதிரி இருக்கும், செத்துவிடப்போகிறோம் என்று தோன்றும். சாகமாட்டாய். மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். யாராவது உன்னிடம் கோபமாகப் பேசினாலும் அது ஏறும். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நீயே சொன்னால் ஒழிய. படுக்கையில் புரள முடியாவிட்டால் வழுக்குகிற துணியில் சட்டை தைத்துப் போடு, சுலபம்.

பர்னலிடம் போ. அவன் நல்லவன்.

காலடியில் கயிறு பார்த்துக்கொள், கண்ணு.
வெர்னா


ஸ்டோனி ஹார்பர்
19 ஜூன் 1997

வெர்னா,

உன் கடிதத்தை ஏவிஸுக்குப் படித்துக் காட்டினேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள், "கறியைப் பத்தி டாக்டரம்மா ஒண்ணும் சொல்லலயே. உங்க அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள், தெரியும் என்றேன். "ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல தானே வேல பாத்தாங்க" என்றாள்.

பிறகு தேனீக் கூட்டுக்கு வந்தேன். நான் தேனீ என்று உனக்கு எழுதவே இல்லை. யாருக்கும் சொல்லவில்லை. விலா எலும்பு என்றும் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் இருக்கிறது. அச்சு அசலாக அப்படித்தான் இருக்கிறது. எந்தப் புத்தகத்தில் அதைப் படித்தாய்?

உன் நவம்பர் கடிதத்தைத் தேடி எடுத்தேன். "அது படகுதான். உடம்பு இல்லை." "அவனுக்கும் கண் மங்குகிற வயதுதான்." "உனக்குத் தெரிவதை நம்பு." டைப் அடித்திருக்கிறாய், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

தொலைபேசியை எடுத்தேன். யார் செத்தது என்று ஒரெஸ்ட் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். எத்தனை வருஷமாக?

ஹாலிஸ்


ஆல்பர்ட்டா
8 ஜூலை 1997

தம்பி ஹாலிஸுக்கு,

டாக்டர் எனக்கும் இதே பெயர் சொல்லி நான்கு வருஷம். அதற்கு முன்னால் இரண்டு வருஷம் பெயர் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வயதுக் கோளாறு என்றார் ஒருவர், மனக்கவலை என்றார் இன்னொருவர். ஒரெஸ்டே, "வெளியில ஒண்ணும் இல்லயே, நீயா நெனச்சுக்கற" என்றான். அவன் கையை எடுத்து என் வயிற்றில் அழுத்தி வைத்து, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டிருக்கிறேன். பெயர் கிடைத்த பிறகு அவனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. வெளியே தெரியாதவரை அது என் சொந்த விஷயம் என்று வைத்துக்கொண்டேன். எழுத்து சுருங்கியதும் டைப்ரைட்டர் வாங்கச் சொன்னது நான்தான். ஏலமெல்லாம் பொய்.

இரை நாறவில்லை என்று நீ எழுதிய வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு ஒரெஸ்டின் பூண்டு வாசனை அப்படித்தான் முதலில் போயிற்று. அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை நம்புகிற ஒரு ஆள் உலகத்தில் வந்துவிட்டான் என்று. என் தம்பிக்கு வந்திருக்கிறது, நான் சந்தோஷப்படுகிறேன். என் மனதைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. அந்தப் பயத்தில், படகாகவே இருக்கட்டும் என்று எழுதிவிட்டேன். எழுதியதும் அது உண்மை மாதிரியே இருந்தது. பர்னலின் கண்ணைப் பற்றி எழுதியது வீண் வார்த்தை. அது ஒரு மனிதனின் தொழிலைத் தின்னும் என்று நினைக்கவில்லை. ஜனவரியில் சொல்ல உட்கார்ந்தேன். கஞ்சி தீயவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

காலடியில் கயிறு பார்த்துக்கொள்.
வெர்னா


ஆல்பர்ட்டா
4 அக்டோபர் 1997

தம்பிக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கோதுமை உள்ளே வந்துவிட்டது. ஒரெஸ்ட் தினமும் தபால்பெட்டிக்குப் போய்வருகிறான், நான் கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுகிறான். நீயும் ஏவிஸும் நலமா என்று மட்டும் ஒரு வரி. திட்டியாவது எழுது.

வெர்னா


ஸ்டோனி ஹார்பர்
26 நவம்பர் 1997

அக்கா,

நானும் ஏவிஸும் இருக்கிறோம். அவள் இப்போது பேசுகிறாள்.

செப்டம்பரில் பர்னலின் பட்டறைக்குப் போனேன். உள்ளே ஒரு புல்வெட்டி மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். இருபது டன் படகுகளைப் பார்த்த கை. "உக்காரு" என்றுகூடச் சொல்லவில்லை. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான். இன்ஜின் மேல் வைக்கிற மாதிரியே உள்ளங்கையை என் நெஞ்சில் வைத்து, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளே அது உறுமிக்கொண்டிருந்தது.

"ஒண்ணும் தெரியல" என்றான்.

"ஓடுதுடா பர்னல். இப்பவும் ஓடுது."

"ஓடும். நீ சொல்றியே, ஓடும்" என்றான். பிறகு கையை எடுத்தான். "படகுல கை வச்சு ஒண்ணும் இல்லன்னு நான் சொன்னப்ப நீ நம்பல. இன்னிக்கு உன் நெஞ்சுல கை வச்சுப் பாத்தேன், ஒண்ணும் இல்ல. ஆனாலும் நீ சொல்ற வியாதிய நான் நம்பறேன். அவ்ளோதான் உனக்கும் எனக்கும் வித்தியாசம்."

நான் அழுதேன். எழுத வெட்கமில்லை. வருகிற நவம்பரில் என் கயிற்றை அவிழ்க்க வருவாயா என்று கேட்டேன்.

"வரமாட்டேன். உன் வியாதியை நம்பறேன்னுதான் சொன்னேன். உன்னை நம்பறேன்னு சொல்லல." புல்வெட்டிக்குத் திரும்பிவிட்டான்.

நேற்று முன்தினம் கூண்டு இறக்கும் நாள். போன வருஷம் நின்ற அதே ஆட்கள், அதே பிளாஸ்க்குகள். டேரல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு படகில், நான் கரையில். ஜெபம் முடிந்ததும் நான் ஒரு மீன் பெட்டி மேல் ஏறினேன். ஏவிஸ் என் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். "பர்னல் போட்ட இன்ஜின்ல ஒரு குத்தமும் இல்ல. கோளாறு எனக்குள்ள. பார்க்கின்சன். உள்ள நடுங்குது, அதைப் படகுன்னு நெனச்சுட்டேன். அவன்மேல நான் சொன்னது பொய்" என்று கத்தினேன். என் குரலும் இப்போது தேய்ந்துவிட்டது, பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொன்னார்கள். அதில் ஒரு சௌகரியம், ஊர் அதற்குத்தான் இருக்கிறது.

பர்னல் மீன் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தான். கிட்டே வரவில்லை. போகவும் இல்லை. கடைசிக் கயிற்றை நானே குனிந்து அவிழ்த்தேன். இடது கை கேட்கவில்லை, முடிச்சு அவிழ நேரமாயிற்று. யாரும் உதவிக்கு வரவில்லை, அது சரிதான். நேற்று இரண்டு பேர் பர்னல் பட்டறை வாசலில் நின்றதாக டேரல் சொன்னான்.

இப்போது நீ. பர்னலுக்கு நான் செய்ததற்கு ஏறி நின்று சொல்ல எனக்கு ஒரு துறை இருந்தது. எனக்கு நீ செய்ததற்கு உனக்கு ஒரு உறையும் தபால்தலையும்தான். உன் ஜூலைக் கடிதத்தைப் பத்து முறையாவது கிழிக்க எடுத்தேன். நீ பயந்தாய், சரி. சந்தோஷப்பட்டாய், அதுகூடச் சரி, எனக்குப் புரிகிறது, அதுதான் கொடுமை. ஆனால் ஒன்பது மாதம் நான் பைத்தியக்காரன் மாதிரி ஷாஃப்டை உருட்டிக்கொண்டிருந்தபோது, நான் பைத்தியம் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீ. நீ பேசாமல் இருந்தாய். உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்று தெரியாது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும், கேட்க வேறு ஆள் இல்லை. ஏவிஸ் கை வைத்துப் பார்க்கிறாள், பாவம், தெரிந்த மாதிரி நடிக்கக்கூட ஆரம்பித்துவிட்டாள். டாக்டரம்மா தலையை ஆட்டுகிறாள். சில சமயம், மதியம் நாற்காலியில் கண் சொருகும்போது, ஒரு கணம் அது நிற்கிறது. முழுசாக நிற்கிறது. அந்த அமைதியில் எனக்கு இருபது வயது. பிறகு மறுபடி ஆரம்பிக்கிறது. நிற்காமலே இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றுகிறது. உனக்கும் அப்படி நிற்குமா? உனக்கும் அப்படித் தோன்றுமா?

உண்மையை எழுது. டைப் அடிக்காதே. கையால் எழுது, எவ்வளவு சின்னதாக வந்தாலும் சரி. ஏவிஸ் ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறாள், என் எழுத்தைப் படிக்க.

காலடியில் கயிறு பார்த்துக்கொள்.
ஹாலிஸ்